கணினிக் கடைத் தளங்களின் பயன்பாட்டு எளிமையை எப்படி மதிப்பிடுவது?

வெஸ்ட்வில் மாணவி (டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். நான் டர்பனில் தகவல் அமைப்புகள் துறையில் முதுகலை ஆய்வு செய்து வருகிறேன். தென்னாப்பிரிக்காவில் கணினியும் அதன் உதிரிப்பாகங்களும் விற்கும் மூன்று இணையக் கடைகளை எடுத்துக்கொண்டு, பொதுமக்கள் கையாள எது எளிதாக இருக்கிறது என்று ஒப்பிடுவதே என் தலைப்பு. கடைகளின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. 'அ' என்பது எல்லாப் பொருளும் விற்கும் பெரிய கடை. கணினி அதில் ஒரு பிரிவு மட்டுமே. 'ஆ' கணினிப் பொருள்களை மட்டும் விற்பது. உதிரிப்பாகங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். 'இ' நம் ஊர்ப் பக்கம் தெருக்கடையாகத் தொடங்கிப் பிறகு இணையத்துக்கு வந்தது.

முதற்கட்டமாக, சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கோயில் வழியாக அறிமுகமான சிலரைக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு தளத்தையும் கால் மணி நேரம் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். அதன்பின் எஸ்யூஎஸ் (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) எனப்படும் பத்துக் கூற்றுகள் கொண்ட வினாத்தாளை நிரப்பித் தரச் சொன்னேன். வந்த மதிப்பெண்களைக் கணக்கிட்டபோது 'அ'வும் 'ஆ'வும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றன. ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கு 'ஆ'வில் அவர்கள் படும் பாடு தெளிவாகத் தெரிந்தது. பின்னால் போவதும், மீண்டும் தேடுவதும், எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பதுமாக இருந்தார்கள். தாளில் மட்டும் அது வரவே இல்லை. என் வழிகாட்டியும் இந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஓர் அத்தியாயம் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஆகவே, எஸ்யூஎஸ் இதற்குப் பொருத்தமான கருவிதானா, அதனுடன் வேறு எதைச் சேர்க்க வேண்டும், குறிப்பாகக் கணினி விற்கும் தளத்துக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியவை எவை என்று இத்துறையில் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். பங்கேற்பவர்களில் பாதிப் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள் என்பதையும், பெரும்பாலோர் கைப்பேசியில்தான் இணையம் பார்க்கிறார்கள் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

---

ரோஸ்பேங்க் வடிவமைப்பாளர் (ஜோகன்னஸ்பர்க்)

வணக்கம் தங்கை. கருவியில் குறை இல்லை. அதனிடம் கேட்கக்கூடாததைக் கேட்கிறீர்கள். ஜான் புரூக் 1986-இல் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தில் பணியாற்றியபோது உருவாக்கிய அந்த அளவுகோல், ஒரு அமைப்பைப் பயன்படுத்தியவர் மனத்தில் மொத்தமாக என்ன எண்ணம் தங்கியது என்பதை மட்டும் சொல்லும். எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் சிக்கல் என்று அது சொல்லாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரி 68 வாக்கில் வருகிறது என்பதால், உங்கள் கடைகள் அதற்கு மேலா கீழா என்று ஒரு வாக்கியம் எழுதலாம். அதற்கு மேல் அதில் சாறு இல்லை.

பயன்பாட்டு எளிமையை வரையறுக்கும் ஐஎஸ்ஓ 9241-11 என்ற பன்னாட்டுத் தரநிலையை, 1998-இல் வந்ததை விட்டுவிட்டு 2018-இல் திருத்தப்பட்டதையே எடுத்து, ஒருமுறை படியுங்கள். குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட இலக்கை எவ்வளவு சரியாக அடைந்தார்கள், அதற்கு எவ்வளவு உழைப்பும் நேரமும் செலவாயின, அவர்களுக்கு எவ்வளவு நிறைவு கிடைத்தது என மூன்றையும் சேர்த்தே அது பயன்பாட்டு எளிமை என்கிறது. நீங்கள் அளந்தது மூன்றாவதை மட்டும். "சுற்றிப் பாருங்கள்" என்று சொன்னதால் அவர்களுக்கு இலக்கு எதுவும் இல்லை. இலக்கே இல்லாதபோது முதல் இரண்டையும் அளக்க வழியில்லை.

கணினிக் கடைக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சட்டையோ நாற்காலியோ வாங்குபவர் தவறாகத் தேர்ந்தால் படத்தைப் பார்த்தே பெரும்பாலும் உணர்ந்துவிடுவார். கணினிப் பாகத்தில் அப்படி இல்லை. தேடி, எடுத்து, கூடையில் போட்டு, பணமும் கட்டி, மனநிறைவோடு எழுந்து போகிறவர் வாங்கியது தவறான பொருளாக இருக்கலாம். பெட்டியைப் பிரிக்கும் வரை அது அவருக்கே தெரியாது. ஆகவே நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பணிக்கும் சரியான விடை எது என்று முன்கூட்டியே முடிவுசெய்து எழுதி வைத்திருக்க வேண்டும். "கூடையில் போட்டுவிட்டார்" என்பதை வெற்றியாக எண்ணாதீர்கள்.

லெனேசியாவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் மடிக்கணினிக்கு நினைவகம் கூட்ட விரும்பினார். அவர் அருகில் அமர்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். தேடுபெட்டியில் "16 ஜிபி ரேம்" என்று இட்டார். விலை குறைந்தது மேலே வருமாறு வரிசைப்படுத்தினார். முதலில் வந்ததைத் தொட்டார். அது மேசைக்கணினிக்கான நீள அட்டை. மடிக்கணினிக்கானது ஏறத்தாழ அதில் பாதி நீளம்தான் இருக்கும். பக்கத்தின் தலைப்பில் நிறுவனப் பெயர், வேகம், எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட மாதிரிக் குறியீடு எல்லாம் இருந்தன. எந்த வகைக் கணினிக்கு என்ற ஒரு சொல் மட்டும் மூன்றாவது தாவலுக்குள், விவரக்குறிப்பு அட்டவணையின் ஏழாவது எட்டாவது வரிசையில் கிடந்தது. அவர் அந்தத் தாவலைத் திறக்கவே இல்லை. "எளிதாகத்தான் இருக்கிறது தம்பி" என்று சொல்லிக் கைப்பேசியை என்னிடம் தந்தார். அந்த நேரத்தில் வினாத்தாளைக் கொடுத்திருந்தால் தாராளமாக மதிப்பெண் போட்டிருப்பார்!

இதே போன்ற பொறிகள் நிறைய உண்டு. ஏஎம்டி செயலிகளுக்கான ஏஎம்5 வகை மதர்போர்டு (பாகங்களைப் பொருத்தும் முதன்மைப் பலகை) டிடிஆர்5 என்ற தலைமுறை நினைவகத்தை மட்டுமே ஏற்கும். முந்தைய ஏஎம்4 டிடிஆர்4-ஐ ஏற்கும். இண்டெல் 12ஆம் தலைமுறைக்கான பி660 மதர்போர்டுகளிலோ ஒரே பெயரில் டிடிஆர்4 வகையும் டிடிஆர்5 வகையும் சந்தையில் இருந்தன. இந்த இரண்டு நினைவகங்களின் வெட்டுப்பள்ளம் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதன் துளையில் பொருந்தாது. மதர்போர்டின் பக்கத்திலேயே "இதற்குப் பொருந்தும் நினைவகங்கள்" என்று காட்டும் கடையையும், வாங்குபவரே மனத்தில் வைத்துக்கொண்டு வேறு பக்கத்துக்குப் போய்த் தேடட்டும் என்று விடும் கடையையும் உங்கள் ஆய்வு பிரித்துக் காட்ட வேண்டும். நம் நாட்டுக்கே உரிய பணி ஒன்றும் சொல்கிறேன். மின்வெட்டுக்குத் தாக்குப்பிடிக்க யூபிஎஸ் வாங்கச் சொல்லுங்கள். பெரிய எழுத்தில் 650 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று போட்டிருப்பார்கள். அது எத்தனை வாட் தாங்கும் என்பது வேறு எண், அதைவிடக் குறைந்தது. உங்கள் பணியில் கொடுத்த கணினிக்கு அது போதுமா என்று பங்கேற்பவர் அந்தப் பக்கத்தை வைத்தே முடிவெடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

வடிகட்டிகளை, அதாவது தேடல் முடிவுகளைச் சுருக்கிக் காட்டும் தேர்வுப் பெட்டிகளை, தனியாக ஆராய்ந்தால் ஓர் அத்தியாயமே எழுதலாம். ஒரு தளத்தில் நினைவக அளவுக்கான வரிசையில் "16ஜிபி" என்று ஒரு பெட்டியும், இடைவெளி விட்டு "16 ஜிபி" என்று இன்னொரு பெட்டியும் இருந்தன. ஒன்றைத் தேர்ந்தால் மற்றதில் உள்ள மடிக்கணினிகள் எல்லாம் மறைந்துபோயின. வாங்குபவர் கடையில் இருப்பதே இவ்வளவுதான் என்று நம்பிவிடுவார்.

மக்களை அமர்த்துவதற்கு முன் நிபுணர் ஆய்வு ஒன்றையும் செய்துவிடுங்கள். யாக்கோப் நீல்சனும் ரோல்ஃப் மோலிக்கும் 1990-இல் முன்வைத்து, நீல்சன் 1994-இல் நல்ல வடிவமைப்புக்கான பத்து நெறிகளாகத் திருத்திய முறை இன்றும் போதுமானது. மூன்று முதல் ஐந்து பேர் தனித்தனியே பார்த்துக் குறைகளைப் பட்டியலிட்டு, பிறகே சேர்ந்து அமர்ந்து ஒவ்வொன்றின் கடுமையையும் 0 முதல் 4 வரை மதிப்பிட வேண்டும். முதலிலேயே கூடிப் பேசினால் மூத்தவர் சொன்னதே எல்லார் கருத்தாகிவிடும்.

---

கடைக்காரர் (டர்பன்)

மகளுக்கு வணக்கம். பல காலமாகக் கணினி விற்பவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மேலே தம்பி குறிப்பிட்ட இரட்டைப் பெட்டி எங்கிருந்து வருகிறது தெரியுமா? எங்களைப் போன்ற கடைகள் பொருள் விவரங்களைத் தாமே தட்டச்சு செய்வதில்லை. மொத்த விநியோகஸ்தர்கள் தரும் தரவுக் கோப்பு அப்படியே தளத்துக்குள் இறங்குகிறது. ஒரு விநியோகஸ்தர் இடைவெளி விட்டு எழுதுகிறார், இன்னொருவர் விடாமல் எழுதுகிறார். ஆயிரக்கணக்கான வரிகளைத் திருத்த ஆள் வைத்தால் ஒரு நினைவக அட்டையில் கிடைக்கும் இலாபம் அவர் சம்பளத்துக்கே போதாது. "இருப்பு உள்ளது" என்று பக்கம் சொல்வதும் பல நேரம் என் அலமாரியைப் பற்றியது அன்று. ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள விநியோகஸ்தர் கிடங்கைப் பற்றியது. அது காலையில் வந்த கோப்பு. மாலைக்குள் பொருள் தீர்ந்திருக்கலாம். எந்தக் கடை "எங்கள் கையில்" என்பதையும் "விநியோகஸ்தரிடம்" என்பதையும் பிரித்துக் காட்டுகிறது என்று பாருங்கள். தெருக்கடையாக இருந்து வந்த உங்கள் 'இ' அதைச் செய்தால் எனக்கு வியப்பு இல்லை. வாடிக்கையாளர் நேரில் வந்து திட்டுவார் என்ற பயம் அவர்களுக்கு உண்டு.

நீங்கள் விட்டுவிடக்கூடாத இன்னொன்று சட்டம். 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புகள் மற்றும் பரிவர்த்தனைகள் சட்டம் (25ஆம் எண்), 43ஆவது பிரிவில், விற்பவர் தம் தளத்தில் எவற்றையெல்லாம் காட்ட வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. கடையின் முகவரியும் தொலைபேசி எண்ணும், பொருளின் முக்கியத் தன்மைகள், வரியும் அனுப்பும் கட்டணமும் சேர்ந்த முழு விலை, எப்போது அனுப்பப்படும், திருப்பித் தரும் விதிகள் ஆகியவை அதில் அடங்கும். அதே பிரிவு, வாங்குபவர் இறுதியாக ஆணை இடுமுன் முழு ஆணையையும் ஒருமுறை பார்க்கவும், தவறைத் திருத்தவும், வேண்டாம் என்று விலகவும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. தராவிட்டால் பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் அவர் ஒப்பந்தத்தை நீக்கிக்கொள்ளலாம். உங்கள் துறையினர் "பிழை தடுப்பு" என்று நெறியாக எழுதுவதை நம் நாட்டில் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். எனவே மீள்பார்வைப் பக்கம் இல்லாத கடைக்கு வெறும் மதிப்பெண் குறைப்பதோடு நிறுத்தாதீர்கள்.

அடுத்த 44ஆவது பிரிவின்படி, காரணம் எதுவும் சொல்லாமலே பொருள் வந்து ஏழு நாளுக்குள் ஆணையை நீக்கலாம். திருப்பி அனுப்பும் நேரடிச் செலவு மட்டும் வாங்கியவருடையது. ஆனால் வாடிக்கையாளரின் குறிப்புக்கு ஏற்பச் செய்து தரும் பொருளுக்கும், உறையைப் பிரித்துவிட்ட மென்பொருளுக்கும் இந்த உரிமை கிடையாது. "உங்கள் கணினியை நீங்களே அமையுங்கள்" என்று பாகம் பாகமாகத் தேர்ந்தெடுக்கவைக்கும் கருவி பல தளங்களில் இருக்கிறது. அப்படித் தேர்ந்த கணினிக்கு ஏழு நாள் உரிமை இல்லாமல் போகலாம் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் எந்தக் கடை சொல்கிறது, எது சொல்லாமல் விடுகிறது என்று பாருங்கள். இதை யாரும் ஆய்ந்து எழுதி நான் படித்ததில்லை.

---

ரோஸ்பேங்க் வடிவமைப்பாளர் (ஜோகன்னஸ்பர்க்)

ஐயா சொன்ன காரணம் உண்மைதான், ஆனால் ஆய்வாளர் அதற்காகக் கடுமை மதிப்பீட்டைக் குறைக்கக்கூடாது. தரவுக் கோப்பு யாருடையது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. தவிர, எல்லா வரிகளையும் திருத்த வேண்டியதில்லை. வடிகட்டிப் பெட்டியை உருவாக்கும் இடத்தில் இடைவெளியை நீக்கி ஒப்பிடும் ஒரு சிறு விதியை எழுதினாலே இரட்டைப் பெட்டி ஒன்றாகிவிடும். சட்டத்தைப் பற்றிச் சொன்னது எனக்கே புதிய கோணம், நன்றி.

---

வெஸ்ட்வில் மாணவி (டர்பன்)

இருவருக்கும் மிக்க நன்றி. நினைவகம், யூபிஎஸ், மீள்பார்வைப் பக்கம் ஆகிய மூன்றையும் பணிகளாக எழுதிவிட்டேன். இப்போது இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. ஐந்து பேர் போதும் என்று எங்கும் படிக்கிறேன். மூன்று தளங்களை ஒப்பிடவும் அது போதுமா? இன்னொன்று, எங்கள் பெரியவர்கள் படிக்கிற பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போடுகிறார்கள். இதை எப்படிச் சமாளிப்பது?

---

எண்கணக்கு ஆசிரியை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஐந்து பேர் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் முதல் ஐயம் தீர்ந்துவிடும். நீல்சனும் தாமஸ் லண்டாவரும் 1993-இல், ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காட்டுச் சிக்கல்களை வெளிக்கொணர்கிறார் என்று தாம் பார்த்த ஆய்வுகளிலிருந்து கணக்கிட்டார்கள். அப்படியானால் ஐவர் சேர்ந்து ஏறத்தாழ 85 விழுக்காட்டைக் கண்டுவிடுவார்கள். ஆனால் பத்தில் ஒருவருக்கு மட்டுமே தட்டுப்படும் சிக்கல் என்றால், அது ஐவரில் ஒருவருக்காவது தட்டுப்பட 41 விழுக்காட்டு வாய்ப்புதான் இருக்கிறது. கணினிப் பாகங்களில் சிக்கல்கள் பெரும்பாலும் இப்படி ஒளிந்தே இருக்கும். மேலும் அந்தக் கணக்கு ஒரு தளத்தின் குறைகளைக் கண்டுபிடிப்பதற்கு உரியது. இரண்டு தளங்களை ஒப்பிடுவதற்கு உரியதன்று. ஐந்து பேரும் ஒரு பணியைச் சரியாக முடித்தார்கள் என்று வையுங்கள். 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளியின் (எல்லாப் பயனர்களுக்குமான உண்மை வெற்றி விகிதம் இருக்கக்கூடிய வரம்பின்) கீழ் எல்லை அப்போதும் 48 விழுக்காட்டில் நிற்கும். அதை வைத்துக்கொண்டு 'அ' 'ஆ'வைவிடச் சிறந்தது என்று எழுதினால் தேர்வாளர் கேள்வி கேட்பார்.

மூன்று தளங்களையும் ஒருவரே பார்ப்பதானால் வரிசை முக்கியம். முதல் தளத்தில் நினைவகத்தின் வகையைக் கற்றுக்கொண்டவர் மூன்றாவது தளத்தில் கெட்டிக்காரராகத் தெரிவார். மூன்று தளங்களை ஆறு வரிசைகளில் அடுக்கலாம் என்பதால், பங்கேற்பவர் எண்ணிக்கை ஆறின் மடங்காக இருக்கட்டும். பதினெட்டோ இருபத்து நான்கோ முதுகலை ஆய்வுக்கு நியாயமான எண். பணிக்கு ஆன நேரத்தைக் கூட்டி வகுக்காதீர்கள். ஒருவர் நடுவில் தொலைபேசி எடுத்துப் பேசினால் சராசரியே சாய்ந்துவிடும். இடைநிலை எண்ணையோ (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) பெருக்கல் சராசரியையோ தாருங்கள்.

பெரியவர்களின் தாராளத்துக்கு முழு மருந்து கிடையாது, ஆனால் குறைக்கலாம். இந்தத் தளங்களை நீங்கள் செய்யவில்லை, யாரோ அந்நியர் செய்தது, குறை சொன்னால் உங்கள் ஆய்வுக்குத்தான் நல்லது என்று தொடக்கத்திலேயே அழுத்திச் சொல்லுங்கள். மதிப்பெண்ணைக் கடைசியில் வாங்குங்கள். அதற்கு முன் ஒவ்வொரு பணி முடிந்ததும், "இது உங்கள் கணினிக்குப் பொருந்தும் என்று இந்தப் பக்கத்தில் எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள்? விரலால் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட முடியாதவர் குருட்டாம்போக்கில் தேர்ந்தார் என்று குறித்துக்கொள்ளலாம், விடை சரியாக இருந்தாலும். எஸ்யூஎஸ் வினாத்தாளில் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறைக் கூற்றாக வருவதால் தலையாட்டிக்கொண்டே போகிறவர்கள் குழம்புகிறார்கள் என்றால், எல்லாவற்றையும் நேர்மறையாக எழுதிய வடிவமும் இருக்கிறது. ஜெஃப் சாரோவும் ஜேம்ஸ் லூயிசும் 2011-இல் இரண்டையும் ஒப்பிட்டு, மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு இல்லை என்று காட்டியுள்ளார்கள்.

கைப்பேசி என்று சொன்னீர்கள். அவரவர் கைப்பேசியிலேயே, பல்கலைக்கழக வைஃபை இல்லாமல், அவரவர் டேட்டாவில் செய்யவைத்து, அந்தச் செலவை நீங்கள் ஈடுசெய்யுங்கள். நம் நாட்டில் டேட்டா விலை அதிகம் என்று 2019 டிசம்பரில் போட்டி ஆணையமே இறுதி அறிக்கையில் சொல்லியிருக்கிறது. முகப்பில் நான்கு விளம்பரப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலும் கடையில் ஒரு பொருளைக் கண்டுபிடிக்க எத்தனை எம்பி கரைகிறது என்பதும் உழைப்புக் கணக்கில் சேர வேண்டியதுதான். திரையைப் பதிவு செய்வதானால் எழுத்துமூல ஒப்புதல் வாங்க மறவாதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது.

---

வெஸ்ட்வில் மாணவி (டர்பன்)

விரலால் காட்டச் சொல்லும் யோசனை மிகவும் பயன்படும், அக்கா. கடைசியாக ஒன்று: இவை பிறருடைய உண்மையான கடைகள் என்பதால், பணம் கட்டும் கட்டத்தை எப்படிச் சோதிப்பது?

---

கடைக்காரர் (டர்பன்)

பங்கேற்பவர்களை மீள்பார்வைப் பக்கத்தோடு நிறுத்திவிடுங்கள், மகளே. யாருடைய வங்கி அட்டையையும் வாங்காதீர்கள். அதற்கு அடுத்த கட்டத்தை நீங்களே ஒவ்வொரு கடையிலும் ஒரு முறை செய்து பாருங்கள். உங்களுக்குத் தேவைப்படும் மலிவான பொருள் ஒன்றை, சுட்டியோ கேபிளோ, உங்கள் பணத்தில் வாங்குங்கள். வங்கியின் ஒருமுறைக் கடவு எண் வரும்போது நீங்கள் செய்திக்குப் போய்த் திரும்புவதற்குள் பக்கம் காலாவதியாகிறதா, தவறினால் கூடை காலியாகிவிடுகிறதா, இ.எஃப்.டி. (வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பணமாற்றம்) தேர்ந்தால் எந்த எண்ணைக் குறிப்பாக இட வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறார்களா என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கடையிலாவது ஏழு நாள் உரிமையைப் பயன்படுத்தித் திருப்பி அனுப்பிப் பாருங்கள். ஆனால் அது பெரிய கடை 'அ'வாக இருக்கட்டும். சிறு கடைக்காரருக்கு நட்டம் வைத்து ஆய்வு செய்ய வேண்டாம்.